அதே கேமரா

கண்ணம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்து, வேலியைப் பார்த்தாற்போல் போட்டபோது வெங்கடாசலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாப்பாரப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் அவரை இதுவரை யாரும் கலைஞர் என்று மதித்து வீட்டுக்கு அழைத்ததில்லை. காலையில் அந்த அம்மாளே போன் போட்டு, "கேமராவோட ஒரு எட்டு வந்துட்டுப் போங்க தம்பி" என்று கூப்பிட்டிருந்தார்.

"ஒக்காருங்க தம்பி. இது அதே கேமரா தானுங்களே?"

"எந்தக் கேமராங்க?"

"பச்சியப்பன் மாமனையும் பொம்மி பெரியம்மாவையும் படம் எடுத்தீங்களே, அது."

"அதேதானுங்க. நம்மகிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்." பையைத் திறந்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல் கேமராவை வெளியே எடுத்தார் வெங்கடாசலம்.

வாங்கிய இந்த நாலு மாதத்தில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. யூடியூபைப் பார்த்துப் பார்த்து, முகம் மட்டும் தெளிவாகவும் பின்னால் இருப்பதெல்லாம் மங்கலாகவும் விழ வைக்கக் கற்றுக்கொண்டார். அதன் பிறகு எதையும் மங்கலாக்காமல் விடுவதில்லை. சம்சாரத்தின் பிறந்த நாளுக்கு அவர் எடுத்த படத்தில் மூக்குத்தி மட்டும்தான் தெளிவாக இருந்தது. ரெண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அவர் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் புகைப்படக் குழுவில் இந்த மாதத் தலைப்பு 'முதுமையின் புன்னகை'. பழைய படம் கூடாது, இந்த மாதம் எடுத்ததாக இருக்க வேண்டும். இன்று மாலையோடு கெடு முடிகிறது. மற்றவர்கள் சுருக்கம் விழுந்த முகங்களாகப் போட்டுத் தள்ள, இவர் போட்ட மாங்காய்ப் படத்துக்கு ஒரு கட்டைவிரல்கூட விழவில்லை. அட்மின் வேறு, "உரக்கடைக்காரருக்கு மனுசங்க யாரும் சிக்கலையா?" என்று எல்லோரும் பார்க்க எழுதிவிட்டார். அந்த ஒரு வரி வெங்கடாசலத்தைத் தூங்க விடவில்லை.

சிக்கவில்லை என்பதுதான் உண்மை. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனால், பெஞ்சில் இருக்கும் பெரியவர்கள் பாதி டீயோடு எழுந்து போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். நம் ஜனங்களுக்குக் கூச்சம் அதிகம் என்று குழுவில் ஒரு பதிவே போட்டார் வெங்கடாசலம்.

"ரெண்டு பேர் படத்தையும் பெருசா ரோட்டோரம் வெச்சிருந்தாங்களே, பாத்தேன்" என்றார் கண்ணம்மாள். "நேர்ல எந்திரிச்சு வர்ற மாதிரியே இருந்துச்சு."

"என்னத்த சொல்றதுங்க. நான் கஷ்டப்பட்டு மங்கலாக்குனத எல்லாம் வெட்டிப் போட்டுட்டு, ஃப்ளெக்ஸ்காரன் மேகமும் ரெண்டு புறாவும் வெச்சுட்டான். கலைன்னா என்னன்னே தெரியல அவனுக்கு."

"நீங்க எடுத்து எத்தன நாள்ல வெச்சாங்க?"

"பச்சியப்பனுக்கு ஒரு மாசம் இருக்குமுங்க. பொம்மியம்மாவுக்கு அதுகூட ஆகல." வேலை சீக்கிரம் முடியுமா என்று விசாரிக்கிறார் போல என்று அவர் நினைத்துக்கொண்டார். கண்ணம்மாள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

லென்ஸ் மூடியைக் கழற்றிக் கண்ணம்மாள் பக்கம் திருப்பினார். "அப்படியே கொஞ்சம் சிரிங்கம்மா."

அவ்வளவுதான். அந்த வயதிலும் கண்ணம்மாள் ஒரே தாவில் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். "எனக்கில்லீங்க தம்பி, அத அந்தப் பக்கம் திருப்புங்க. வேலிக்கு அந்தாண்ட கடலக்கா ஆஞ்சிட்டு ஒக்காந்திருக்காரே, எங்க கொழுந்தனாரு மாயவன். அவர எடுங்க."

வெங்கடாசலம் எட்டிப் பார்த்தார். எழுபது தாண்டிய முகம், உழுது போட்ட காடு மாதிரி சுருக்கம், வாயில் மூன்றே பல். அட்மின் வாயை அடைக்க இதற்கு மேல் ஒரு முகம் கிடைக்காது.

"கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லிடட்டுங்களா?"

"வேணாம், வேணாம். தெரிஞ்சா வூட்டுக்குள்ள ஓடிடுவாரு. தெரியாம எடுத்தாத்தான் நல்லா வரும்."

யூடியூபிலும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். படிக்காத அம்மாளுக்கு எவ்வளவு கலை ஞானம் என்று வியந்தபடி, முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றி மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார் வெங்கடாசலம். ஓர் ஆட்டுக்குட்டி வந்து மாயவன் மடியிலிருந்த கடலைக்காயை இழுத்தது. அதை விரட்டாமல், மாயவன் வாய் நிறையச் சிரித்தார். வெங்கடாசலம் பட்டனை அழுத்தினார்.

திரையைப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு படம் தன் கையால் விழும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. கதவிடுக்கிலிருந்து வெளியே வந்த கண்ணம்மாளிடம் காட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"முழுசா விழுந்துடுச்சுங்களா?"

"கச்சிதமா விழுந்துடுச்சுங்க. கொழுந்தனார் மேல உங்களுக்கு ரொம்பப் பாசம் போலருக்கே."

கண்ணம்மாள் வேலிப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பச்சியப்பன் மாமனும் பொம்மி பெரியம்மாவும் நீங்க படம் எடுத்த சூட்டோட போய்ச் சேந்துட்டாங்க."

"ஆமாங்க. பாவம், வயசானவங்க" என்றார் வெங்கடாசலம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இவரோட எங்களுக்கு வரப்புக் கேசு நடக்குது. ஆவணியில வாய்தாங்க தம்பி, அதுக்குள்ள ஆயிடுமுங்களா?"