காசிராஜனின் பூனைப் பாட்டு

“பூனை எங்கக்கா? ரெண்டு ஷாட் எடுத்துக்கிடுவோம்” என்றான் சதீஷ்குமார். செல்போனில் ஊரெல்லாம் பரவிய ‘பூனைப் பாட்டை’ப் பற்றி யூடியூப் சேனலில் போடுவதற்காகக் கோவில்பட்டியிலிருந்து கேமராவோடு நாகலாபுரம் வந்திருந்தான்.

முத்துசெல்வி சுவரைக் காட்டினாள். மாலை போட்ட படத்தில் அவள் மகள் ப்ரியதர்ஷினி, ஏழு வயது, சிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்குக் கண்மையால் பூனை மீசை வரைந்த முகம்.

“அதான் தம்பி பூனை.” அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எட்டு மாதமாக அப்படித்தான்.

சதீஷ்குமார் கேமராவைத் தாழ்த்தினான். ‘பாலு ஆறிப்போச்சே, பருத்திக்காட்டுக்குப் போனவளே’ என்ற அந்தப் பாட்டுக்குத்தான் போன வாரம் எட்டயபுரத்துக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைத் தோழர்களோடு அவனும் ஆடியிருந்தான். ஆடுகிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

பாட்டைக் கட்டிய அவள் புருஷன் காசிராஜன் மூலையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தொழிலே செத்த வீட்டுக்குப் பாட்டுக் கட்டுவதுதான். பெயரையும் உறவையும் சொன்னால் போதும், பாடை கட்டி முடிப்பதற்குள் பாட்டு தயார். முன்பின் பார்த்திராத கிழவிக்கெல்லாம் மைக்கைப் பிடித்துத் தேம்பித் தேம்பி அழுவான்.

சொந்த மகள் காய்ச்சலில் போனபோது அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. “ஊரான் வீட்டுக்குன்னா அழுகை வருது, பெத்த புள்ளைக்கு வரலையாக்கும்” என்று பதினாறாம் நாள் அவன் காதுபடவே பேசினார்கள்.

முத்துசெல்விக்கும் அந்தக் கல் மனதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதென்று துணிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் மகள் வளர்த்த பூனையும் காணாமல் போனது. இழவு வீட்டில் பூனையை யார் தேடுவார்கள்? காசிராஜன் மட்டும் மூன்று நாள் கரிசல் காட்டில் கிறுக்குப் பிடித்தவன்போலச் சுற்றினான். நாலாம் நாள் வாசலில் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பாடினான். கண்ணீர் தாடியில் இறங்கியது.

முத்துசெல்விதான் அதைச் செல்போனில் பிடித்தாள். பிடித்து முடித்ததும் உள்ளே போய், பையிலிருந்த துணிகளை மறுபடி கொடியில் போட்டாள். பாட்டில் ஒன்று மட்டும் அவளுக்கு இடித்தது. ப்ரியதர்ஷினிக்குப் பால் ஆகாது, தம்ளரைப் பார்த்தாலே குமட்டுவாள். பாட்டென்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

“அண்ணாச்சி, மகளுக்குத்தான் இந்தப் பாட்டுன்னு உங்க வாயால ஒருக்கா சொல்லிருங்க. அது போதும்” என்றான் சதீஷ்குமார்.

காசிராஜன் படத்தைப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய போஸ்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “வேண்டாம் தம்பி. கேமராவ அணைச்சிருங்க.”

சதீஷ்குமார் அணைத்தான். சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

பைக் சத்தம் தேய்ந்ததும் முத்துசெல்வி காசிராஜன் எதிரே வந்து உட்கார்ந்தாள். “கேமராவுக்குச் சொல்ல வேண்டாம், எங்கிட்டயாவது சொல்லுங்க. பாப்பாவ நெனச்சு நீங்க அழுதீங்க. அந்த ஒண்ணுக்காகத்தான் நான் இங்கன இருக்கேன்.”



“அது அந்தப் பூனைக்குக் கட்டுன பாட்டு, செல்வி” என்றான் காசிராஜன். “பாப்பாவுக்கு எனக்கு இன்னும் அழுகையே வரல.”