மேட்டில் நின்ற கார்

காரின் இரண்டாவது பிரேக்குக்குப் பக்கத்தில் ஒரு ஹேர்பின் கிடந்தது. டிரைவிங் ஸ்கூல் கார் அல்லவா, கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மிதிக்க, சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. காலையில் காருக்குள் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி அந்தப் பின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடையது இல்லை.

"இது யாரோடது?"

மாஸ்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த நர்ஸ் பொண்ணோடதா இருக்கும். நேத்து மேட்டுல வண்டி குலுங்கி நின்னுச்சு. அப்ப விழுந்திருக்கும்."

"விழுந்தது பின் மட்டும்தானா?"

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா?"

ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. அந்த நர்ஸ் டெஸ்டில் ஏற்கெனவே மூன்று தடவை ஃபெயில். வளைவு, ரிவர்ஸ் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேட்டில் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளம்ப வேண்டும் பாருங்கள், அங்கேதான் எஞ்சின் அணைந்துவிடும். உடனே இன்னொரு மாதம் வகுப்பு, இன்னொரு மாதம் மாஸ்டர் பக்கத்தில்.

மற்றவர்கள் ஃபெயிலானால் எரிந்து விழுகிற மனுஷர், இவள் ஃபெயிலாகிற நாளில் மட்டும் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். போதாக்குறைக்கு மீசைக்குப் புதிதாக மை. மனைவிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

எரியாதா பின்னே? அவளும் ஒரு காலத்தில் இவரிடம் கற்றுக்கொண்டவள்தான். அவளும் அதே மேட்டில் மூன்று முறை தோற்று அழுதவள். ஒவ்வொரு முறையும், "பரவால்ல, நான் இருக்கேன்ல" என்று இவர் தேற்றிய தேற்றலில்தான் மனசைக் கொடுத்தாள். சம்மதம் சொன்ன அடுத்த வாரமே பாஸ். மாப்பிள்ளை ராசி என்று அம்மா பூரித்துப்போனாள்.

'எனக்கு நிஜமாவே வரலை. இவ வேணும்னே தோக்குறா' என்று தீர்மானித்துவிட்டாள் மாஸ்டரின் மனைவி. பாம்பின் கால் பாம்பறியும்.

"இன்னிக்கு அவ டெஸ்டுக்கு நான் கூடப் போறேன்."

மாஸ்டரின் கையிலிருந்து பேப்பர் நழுவியது. "நீயா? உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"லேடீஸுக்கு நானும்தான சொல்லித் தர்றேன்? அலைஞ்சா ஒண்ணும் தேஞ்சிட மாட்டேன்." ஹேர்பின்னை இடுப்பில் செருகிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மைதானத்துக்குப் போகும் வழியெல்லாம் நர்ஸின் கண்கள் கலங்கியிருந்தன. "அக்கா, வீடு வீடா கார்ல போய் நோயாளிங்களைப் பாக்குற வேலை. இந்தத் தடவையும் லைசென்ஸ் வரலைன்னா வேற ஆள் போட்டுடுவாங்க."

"அப்புறம் ஏன் மேட்டுல மட்டும் நிறுத்துற?"

"சத்தியமா நான் நிறுத்தலக்கா. கிளட்சைச் சரியாத்தான் விடறேன். வண்டி தானா நின்னுடுது."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். "இன்னிக்கு உன் காலையேதான் பாத்துக்கிட்டு இருக்கப் போறேன். என்கிட்ட நடிப்பு செல்லாது" என்றாள் மாஸ்டரின் மனைவி.

அதிகாரி மேட்டின் உச்சியில் நின்று கையைக் காட்டினார். பாதி மேட்டில் கார் நின்றது. மாஸ்டரின் மனைவி தன் கால்கள் இரண்டையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். இவள் தோற்றுவிட்டு, பழி தன் கால்மேல் வந்துவிடக் கூடாதே! கண்ணை மட்டும் நர்ஸின் காலைவிட்டு எடுக்கவில்லை.

நர்ஸ் ஹேண்ட் பிரேக்கை விட்டாள். கிளட்சை மெல்லத் தளர்த்தினாள். கார் குலுங்கவில்லை, முனகவுமில்லை. சமதரையில் போவதைப் போல ஏறி உச்சிக்குப் போய்விட்டது.

"பாஸ்" என்றார் அதிகாரி.

நர்ஸ் அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா பண்ணீங்க? சார் கூட வந்தா ஒரு தடவைகூட ஏறினதில்லையே!"

"நான் ஒண்ணுமே பண்ணலையே..."

சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தாள். யாரும் மிதிக்காமல், அவள் காலடியில் சும்மா இருந்தது அந்த இரண்டாவது பிரேக்.

வேலிக்கு அப்பால் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு மாஸ்டர் நின்றிருந்தார். வேர்த்துக் கொட்டியதில் மீசை மை உதட்டுக்கு இறங்கியிருந்தது. அவள் காரைவிட்டு இறங்கி நேராக அவரிடம் நடந்தாள். நர்ஸின் மேல் இத்தனை நாள் எரிந்ததற்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக அவரிடம் கேட்க வேறொன்று இருந்தது.

"பாஸாயிட்டாளா?" என்று எச்சிலை விழுங்கினார் மாஸ்டர்.

அவள் ஹேர்பின்னை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்போ, என்னை மூணு தடவை மேட்டுல நிறுத்தினதும் உங்க கால்தானா?"