லொரைனின் மூக்கு

“மூக்கு வளைஞ்சிருக்கு! நாளைக்குக் கல்யாணம், என் பொண்ணு மூக்கு வளைஞ்சிருக்கு!”

இயேசுதாசன் போட்ட கூச்சலில் பிடோக் வட்டாரத்து மைனாக்கள் எல்லாம் மரத்தை விட்டுப் பறந்திருக்கும். அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள் அவர் மனைவி அந்தோனியம்மாள். வளைந்தது மகள் லொரைனின் படத்திலிருக்கும் மூக்குதான் என்று தெரிந்ததும் கரண்டியை இறக்கினாள்.

“உசுரே போயிடுச்சுங்க. படம் நல்லாத்தானே இருக்கு?”

“உன்கிட்ட காட்டுனேன் பாரு! போன மாசந்தான் கண்ணுல ஆபரேஷன் பண்ணிட்டு வந்தவ. உனக்கு எல்லாமே நல்லாத்தான் தெரியும்.”

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த போட்டோ பிரிண்டர் காலையிலிருந்து லொரைன்களாகத் துப்பிக்கொண்டிருந்தது. சோபாவில் ஒரு லொரைன், நாற்காலியில் ஒரு லொரைன், ஃபிரிட்ஜ் மேல் காய்கிற லொரைன். அத்தனை பேருக்கும் நடு மூக்கில் ஒரு நெளிவு, யாரோ கட்டை விரலால் அமுக்கிவிட்ட மாதிரி.

நாளைக்குத் திருமண மண்டபத்து வாசலில் வைக்க வேண்டிய படம். லொரைனின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தாமே எடுத்து, தாமே அச்சடித்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர் இயேசுதாசன். ‘கல்யாணப் படமும் டாடிதான் அடிக்கணும்’ என்று மகளே கேட்டிருந்தாள். கல்யாணம் முடிந்ததும் புருஷனோடு பெர்த் நகருக்குப் பறந்துவிடுவாள். அப்பனாக அவளுக்குச் செய்ய மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

கூச்சல் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணாதுரை வந்தார். ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அடுத்தவர் வீட்டுக் கோப்பியைக் குடிப்பது அவருக்கு முழுநேர உத்தியோகம். படத்தைப் பார்க்கும் முன்பே வைத்தியம் சொன்னார்.

“ஹெட் அலைன்மெண்ட் போயிருக்கும்லா, தாசு. உள்ள மை தெளிக்கிற ஹெட்டு துளி நகர்ந்தாக்கூட கோடு ஒண்ணோட ஒண்ணு சேராது. டெஸ்ட் பேப்பர் அடிச்சுப் பாத்தியா?”

“அடிச்சேன், அடிச்சேன்! டிஷ்யூ பேப்பர்ல அடிக்காததுதான் பாக்கி. ஹெட்டையும் கிளீன் பண்ணிப் பண்ணி மையெல்லாம் தீரப்போகுது.”

பிரிண்டர் உறுமியபடி இன்னொரு தாளைக் கக்கியது. வரிசை வரிசையாகச் செங்குத்துக் கோடுகள், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண். எந்த வரிசை நேராகச் சேர்ந்திருக்கிறதோ அந்த எண்ணை அழுத்தினால் மெஷின் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்.

“ஆறு,” என்றார் அண்ணாதுரை. “நூல் புடிச்ச மாதிரி இருக்கு.”

“ஆறா? ஆறுதான்டா பாம்பு மாதிரி நெளியுது! நீ வெல்டிங் வச்ச கப்பலெல்லாம் இன்னும் மிதக்குதா?”

“கப்பல் மிதக்குது. நீதான் முங்குற.”

வேறு வழியில்லாமல் இயேசுதாசன் ஆறையே அழுத்தினார். அடுத்து வந்த லொரைனுக்கும் அதே மூக்கு.

“சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோவுல குடுத்துரலாமேங்க?” என்றாள் அந்தோனியம்மாள்.

“காலையிலயே போனேன். அவனும் வளைச்சுத்தான் குடுத்தான். சண்ட போட்டுட்டு வந்துட்டேன். இந்த ஊரு மெஷினெல்லாம் ஒண்ணு சேந்து எனக்கு எதிரா சதி பண்ணுது!”

அவள் அண்ணாதுரையின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தாள். “கல்யாண டென்ஷன், அண்ணே. போன ஞாயித்துக்கிழம பூசையில, மெழுகுவத்தி கோணலா நிக்குதுன்னு ஃபாதர்கிட்டயே போய்ச் சொல்லிட்டாரு. இப்ப எதைப் பாத்தாலும் குத்தம்தான்.”

கடைசி போட்டோ பேப்பர். மையும் கடைசிச் சொட்டு. மாதாவை வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். நெற்றி வந்தது, கண் வந்தது, அப்புறம் மூக்கும் வந்தது. அதே நெளிவோடு.

இயேசுதாசன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“ஒரே பொண்ணு. கேட்டது ஒரே ஒரு படம். அதக்கூட ஒழுங்கா குடுக்கத் துப்பில்லாத அப்பன் நான்.”

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு அண்ணாதுரை கையிலிருந்த கோப்பியை அப்படியே வைத்துவிட்டார். உலக வரலாற்றில் அவர் கோப்பியை மிச்சம் வைத்தது அதுதான் முதல் தடவை.

இரும்பு கேட் கிறீச்சிட்டது. மருதாணிக் கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லொரைன் உள்ளே வந்தாள். வீடு முழுக்கத் தன் முகம் இறைந்து கிடப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“ஐயோ டாடி, எல்லாமே சோ நைஸ்! ஏதாவது ஒண்ண எடுத்து ஃபிரேம் போடுங்கலா.”

“இல்லம்மா, சரியா வரல. டாடியால முடியல.”

“காலையிலேர்ந்து பிரிண்டரையே பாத்துட்டு இருக்கீங்க. இனிமே அதுதானே உங்ககூட இருக்கப் போகுது? இப்ப என்னைப் பாருங்க.”

அவர் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு முகத்தை அருகே கொண்டுவந்தாள்.

அவர் பார்த்தார். அந்த மூக்கிலும் அதே நெளிவு. பிறகு ஆள்காட்டி விரலை அவள் மூக்கின் மேல் வைத்து, மேலிருந்து கீழே மெல்ல இழுத்தார். விரல் எங்கேயும் நெளியாமல் நேராக இறங்கியது.

அவள் தலைக்குப் பின்னால் கேட்டைப் பார்த்தார். அதன் கம்பிகள் எல்லாம் ஒரே இடத்தில் வளைந்திருந்தன.

“என்ன டாடி?”

அவர் அவள் மூக்கிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“அந்தோனி,” என்றார், திரும்பாமல். “உன் கண்ணு டாக்டரோட நம்பரக் கொஞ்சம் எடு.”