இயக்குநர் காரில் மட்டும்

"நாரே, உன் ஆன்டெனா என் கார்ல மட்டும் ஏன்மா கொரகொரங்குது?" இயக்குநர் மேங் எரிந்து விழுந்தார்.

தென்கொரியாவின் உல்சான் நகரக் கார்த் தொழிற்சாலையில், கண்ணுக்குத் தெரியாதபடி கண்ணாடிக்குள்ளேயே ரேடியோ ஆன்டெனாவைப் பதித்தவள் நாரே.

"போன வாரம் நல்லாத்தானே பாடுச்சு? ஒண்ணுமே புரியல சார்."

"நாளைக்கு சேர்மன் என் கார்லதான் வர்றார். பாடலேன்னா உன் திட்டத்துக்கு மூடுவிழாதான்."

"கண்ணாடியில புதுசா ஏதாவது ஒட்டினீங்களா சார்?"

"கறுப்பு ஃபிலிம்தான். ஊர்ல எல்லாரும் ஒட்டுறதுதானே? ஆனா இது ஒசத்தி, உலோகப் பூச்சு. வெயிலே உள்ள வராது."

"ரேடியோ அலையும் வராது சார்! எந்தப் புத்திசாலி இதை ஒட்டச் சொன்னது?"

மேங் அவளையே பார்த்தார்.

"என் பதவி உயர்வு விருந்துல, 'எங்க டீமோட பரிசு சார்'னு ஃபிலிம் கடைக் கூப்பனை உறையில போட்டு நீட்டினது நீதானேம்மா? உள்ள என்ன இருக்குன்னு பார்க்கவே இல்லையா?"