காட்டு வாத்தா, வீட்டு வாத்தா?

"இன்னா மாமா, அப்போலேர்ந்து கத்தியையே தீட்டிக்கினு கீற? அறுக்கப் போறது வாத்தா, யானையா?"

மச்சான் ஜவஹர் கேட்டதும் தணிகாசலம் சிரித்து மழுப்பினான். கத்தி எப்போதோ பதமாகிவிட்டது. அவனுக்குத்தான் மனசு வரவில்லை. இருந்தாலும் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தான்.

தப்பு அவன் மேல்தான். போன மாதம் மச்சான் வீட்டு விசேஷத்தில், நாலு பேர் நடுவில், "எங்க வூட்டுக்கு வா மச்சி, வாத்துக் கறி ஆக்கிப் போடறேன்" என்று வாய் கிழியப் பேசினான். மச்சானும் மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கோட்டூர்புரம் வந்து இறங்கிவிட்டான்.

தணிகாசலத்திடம் இருந்ததோ ஒரே ஒரு வாத்து. குஞ்சாக வாங்கி வந்து, தன் தட்டிலிருந்தே சோறு எடுத்துப் போட்டு வளர்த்தது. "செல்லி" என்று கூப்பிட்டால் ஆற்றங்கரையில் எங்கே இருந்தாலும் குடுகுடுவென்று ஓடி வரும். அதை எப்படி அறுப்பது? ஆனால் வாத்து மேல் பாசம் என்று மச்சானிடம் சொல்ல முடியுமா? சொந்தபந்தம் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

"ரத்னா, செல்லியத் தூக்கினு வா" என்று உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டான்.

ரத்னா வாத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசல் வழியே அனு போய்க்கொண்டிருந்தாள். அடையாற்றில் பறவைக் கணக்கெடுக்க வாராவாரம் வரும் கல்லூரிப் பெண். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது.

"அனு, கொஞ்சம் நில்லும்மா" என்றாள் ரத்னா. "அறுத்தா போலீஸ் புடிக்கும்னு ஒரு காட்டு வாத்தப் பத்திச் சொன்னியே, இது அதுவான்னு பாரு."

அனு வாத்தைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். தணிகாசலத்தின் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"ஐயையோ! புள்ளிமூக்கு வாத்துண்ணா இது!"

"அட போம்மா" என்றான் ஜவஹர். "மாமா சைதாப்பேட்டையில காசு குடுத்து வாங்குன வூட்டு வாத்து."

"அங்கதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க. உடம்பப் பார்த்தா ரெண்டும் ஒரே பழுப்பு, வித்தியாசமே தெரியாது. மூக்கப் பாருங்க. கறுப்பு மூக்கு, நுனியில மஞ்சள், அடியில சிவப்புப் புள்ளி. வீட்டு வாத்துக்கு இதெல்லாம் இருக்காது."

ஜவஹர் குனிந்து பார்த்தான். மஞ்சளும் இருந்தது, சிவப்பும் இருந்தது.

"ரொம்பக் கிட்டப் போவாதடா, கொத்திடும்" என்று ரத்னா வாத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அறுத்தா இன்னா ஆவும்?" என்று ஜவஹர் நிமிர்ந்து கேட்டான்.

"கேஸ்தான். ஜெயில்கூட உண்டு."

"துன்னவங்களுக்கு?"

"அவங்களையும் சும்மா விட மாட்டாங்க."

துபாய் வேலைக்காகப் போலீஸ் சான்றிதழுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த ஜவஹருக்கு முகம் வெளுத்துப்போனது.

"மாமா, மொதல்ல அந்தக் கத்திய உள்ள வை! நான் போயி கோழி வாங்கியாரேன்" என்று பைக்கை உதைத்துக் கிளப்பினான். தெருமுனையில் திரும்பும் வரை பின்னால் பார்க்கவே இல்லை.

அப்பாடா! தணிகாசலத்துக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு ரத்னாவிடமிருந்து செல்லியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ரத்னா கோழிக்கு மசாலா அரைக்க உள்ளே போய்விட்டாள்.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. காட்டு வாத்து என்றால் அறுப்பது மட்டுமில்லையே, வீட்டில் வைத்துக்கொள்வதும் குற்றம்தானே? பெருமூச்சு விட்டபடி ஆற்றை நோக்கி இறங்கினான். அனு பின்னாலேயே வந்தாள்.

"எங்கண்ணா எடுத்துட்டுப் போறீங்க?"

"ஆத்துல வுட்டுடறேம்மா. உசுரு தப்பிச்சுதே, அதுவே போதும். எங்கனா நல்லா இருக்கட்டும்" என்று செல்லியின் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

அனு தெருமுனையைத் திரும்பிப் பார்த்தாள். பைக் சத்தம் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வீட்டுக்கே கொண்டு போங்கண்ணா, மச்சான் ஊருக்குப் போற வரைக்கும் மூக்க மட்டும் காட்டிடாதீங்க. மஞ்சளக் கரெக்டா பூசின அக்கா, குங்குமத்த ஒரு பக்கம் வைக்க மறந்துட்டாங்க!"