ஃப்ரேசரின் சான்றிதழ்

"சிரிக்காம கேளுங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

ஃப்ரேசரின் கையிலிருந்த கரண்டி பட்டாணி சூப்புக்குள் நழுவியது. ஐம்பத்தாறு வயதில், அதுவும் மேல்மாடியில் மகனோடு குடியிருக்கும் காரீன் வாயால் இப்படி ஒரு கேள்வியை அவன் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

"சூப் நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்! அதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?"

"விளையாடாதீங்க. மதிஸுக்கு ஆறு வயசாகப் போகுது. அவனை இங்கிலீஷ் ஸ்கூல்ல சேர்க்கணும். நம்ம கியூபெக் சட்டம்தான் தெரியுமே? அப்பாவோ அம்மாவோ ஆரம்பப் பள்ளியை இங்கிலீஷ்ல படிச்சிருக்கணும். நான் படிச்சது பிரெஞ்சுல. செத்துப்போன அவன் அப்பாவும் அப்படித்தான்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீங்க அவனைத் தத்தெடுத்துக்கிட்டா, சட்டப்படி நீங்கதான் அப்பா. பேரு ஃப்ரேசர், இங்கிலீஷ்காரங்க பேரு. போன்ல இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குறீங்க. உங்க ஸ்கூல் சான்றிதழ் ஒண்ணு போதும், காரியம் முடிஞ்சுது."

"ஆக, மாப்பிள்ளை நான் இல்ல. சான்றிதழ்தான்."

காரீனின் முகம் சிவந்தது. "முதல்ல அதுக்காகத்தான் உங்க கதவைத் தட்டினேன். பொய் சொல்ல மாட்டேன். இப்ப அப்படி இல்ல. மதிஸ் உங்களுக்கு குட் நைட் சொல்லாம தூங்கறதில்ல. நானும்..." என்று இழுத்தவள், மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். மேசை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவன் மனைவி இறந்தபின் வந்த ஆறு வருடங்களில் அந்த வீட்டில் பேசியது வானொலி மட்டும்தான். சில நாள் அதற்கு அவன் பதில்கூடச் சொல்லியிருக்கிறான். இந்தக் குளிர்காலத்தில்தான் சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டுகள் வைக்கப்பட்டன.

"சரி" என்றான். "பெட்டியில எங்கயாவது கிடக்கும். தேடிப் பார்க்கறேன்."

அவள் அவன் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, மகனிடம் சொல்லப் படியேறி ஓடினாள்.

ஃப்ரேசர் பெட்டியைத் திறந்தான். தேட வேண்டியிருக்கவில்லை, சான்றிதழ் மேலாகவே இருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி. ஏழு வருடப் படிப்பு, அத்தனையும் பிரெஞ்சில். ஃப்ரேசர் என்ற பெயர், என்றோ கப்பலேறி வந்த ஸ்காட்லாந்துப் பாட்டன் விட்டுப்போனது. இங்கிலீஷோ, இருபது வயதுக்கு மேல் ஒன்டாரியோ சுரங்கத்தில் ஒட்டிக்கொண்டது.

அதைப் பெட்டியின் அடியில் செருகி மூடினான். இன்னும் தேடுவதாகச் சொன்னால், நாளைக்கும் அவர்கள் வருவார்கள்.