நூற்றைம்பது கிலோ தம்பதி

“படகு ஆள் எடைக்குத்தான் சார். ஆசைக்கு இல்ல,” என்றார் படகு கட்டுபவர்.

மேனேஜருக்குச் சுருக்கென்றது. தொப்பி வாங்கியாகிவிட்டது, படகுதான் பாக்கி. கொட்டகையில் இரண்டு பந்தயக் கேட்டமரான்கள், இரட்டை உடல் பாய்மரப் படகுகள், நின்றன. ஒன்று சின்னது. மற்றது பதினெட்டு அடி, ஆளை மிரட்டும் பாய்மரம்.

“பெரிசுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து நூத்தம்பது கிலோ இருக்கணும். இல்லன்னா காத்துல கவுந்துடும். நிமிர்த்தவும் முடியாது.”

“சின்னதே போதுமே, சகலை,” என்றார் கூட வந்த சகலை. இதே பதினெட்டு அடி, அவர் வீட்டு வாசலில் போன வருடத்திலிருந்து உறை போட்டு நிற்கிறது.

“உன் தங்கச்சி புருஷன் வயித்தெரிச்சலப் பாத்தியா?” என்று மனைவியின் காதைக் கடித்தார் மேனேஜர்.

“எனக்குக் கரைக்குத் திரும்பி வர்ற படகு போதும். நானும்தானே ஏறணும்?”

தராசில் மனைவி ஐம்பத்தாறு. கனத்த ஜாக்கெட்டோடு மேனேஜர் ஏறினார்.

“அதக் கழட்டிடலாமே சார்.”

“கடலுக்கு என்ன, பனியனோடயா போவேன்?”

முள் தொண்ணூற்று நான்கில் நின்றது. கூட்டினால் சொல்லிவைத்தாற்போல் நூற்றைம்பது.

“என் சமையல்ல இவ்வளவு சத்தா?” என்றாள் மனைவி.

சகலையின் முகம் வெளுத்தது. மேனேஜருக்கு அது போதும். பெரிய படகைத் தட்டிக்கொடுத்தார்.

“ஒரே ஒரு சோதனை சார். துறையில ஒரு பெரிய படகைக் கவுத்துப் போட்டிருக்கேன். ரெண்டு பேரும் குதிச்சு, கயித்துல தொங்கி நிமிர்த்துங்க. போன வருஷம் ஒருத்தர் நடுக்கடல்ல கவுந்து, மூழ்கப் பாத்தார். அதுலேர்ந்து இதில்லாம விக்கறதில்ல.” கூரையைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டார்: “பேரு வேணாம்.”

துறைக்குப் போனதும் மனைவி குதித்துவிட்டாள். தண்ணீரில் மிதந்தபடி கூப்பிட்டாள்: “வாங்க.”

மேனேஜர் விளிம்பில் நின்றார். “ஆழம் எவ்வளவு?”

“ரெண்டாள் ஆழம். நீச்சல் தெரியும்ல சார்?”

“எனக்கா? மீன் மாதிரி.”

மீன் நகரவில்லை. கை ஜாக்கெட்டின் உள்பையைத் தடவியது.

“என்னங்க, கயிறு வழுக்குது. சீக்கிரம்.”

மேனேஜர் கண்ணை மூடி ஒரு காலைத் தூக்கினார். பின்னாலிருந்து ஒரு கை அவர் ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்தது.

“உள்ள இருக்கற ஈயக்கட்டியை எடுத்து வெச்சிட்டுக் குதிங்க, சகலை,” என்றது மெதுவான குரல். “போன வருஷம் எடுக்காமப் போனவன் நான்தான்.”